ஆதாரமில்லாத வரி

மேசையை ஓங்கித் தட்டும் சத்தம் படிக்கட்டிலேயே கேட்டது. மிரியம் ஐஸ் தேநீரும் கையுமாகச் சட்டக் கல்லூரியின் அடித்தளத்துக்கு இறங்கி வந்தாள்.

சமூக நீதிக்காக மாணவர்களே நடத்தும் சட்ட இதழின் அலுவலகம் அது. தட்டிக்கொண்டிருந்தவன், கட்டுரைகளைச் சரிபார்க்கும் காரெட். எதிரே, குனிந்து தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள் இதழாசிரியர் ஒடெசா.

"மேசை என்னப்பா பாவம் பண்ணிச்சு?" என்றாள் மிரியம்.

"மகாராணியையே கேளு! ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் வேணும், சரிபார்க்கிறவன் அதை விசாரிச்சு உறுதி பண்ணணும். இதுதானே நம்ம விதி? ஒரு பக்க எண்ணுக்காக என்னை நூலகத்துக்கு விரட்டினவ, இந்தக் கட்டுரைக்கு மட்டும் விட்டுடுங்கறா."

கட்டுரையை எழுதியவர் ஒரு கைதி. எழுதியவர் பெயரை மறைத்துத்தான் சரிபார்க்கக் கொடுப்பார்கள், அதுவும் விதி. ஆள் யாரென்று ஒடெசாவுக்கு மட்டும்தான் தெரியும்.

தகராறு ஒரே ஒரு வரியில். 'கோடையில் தனிச்சிறையின் தண்ணீர்க் குழாயை மூடிவிடுவார்கள்.' அதன் அடிக்குறிப்பில், 'எழுதியவரே அனுபவித்தது' என்று போட்டிருந்தாள் ஒடெசா.

"அனுபவிச்சவரே சொல்றார். இதுக்கு மேல என்ன ஆதாரம்?" என்றாள்.

"சிறைக்காரங்க நாளைக்குப் பொய்னு சொன்னா இதழ் மானம் போயிடும். உனக்கு வேண்டியவர்னா விதி வளைஞ்சு குடுக்குமா?"

ஒடெசாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"அவர் இன்னும் உள்ளதான் இருக்கார், காரெட். முன்கூட்டியே விடலாமான்னு முடிவு பண்ற விடுதலைக் குழு முன்னாடி அடுத்த மாசம் நிக்கணும். அவர் வெளிய வந்தப்புறம்தான் இதழ் அச்சுக்கே போகும். அதுவரைக்கும் அவர் எழுதற விஷயம் அங்க ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"எனக்கே பேர் தெரியாது. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சரி, ஆதாரத்துக்கு நீ எங்க போவே?" மிரியம் சிரித்தாள். "குழாய்கிட்டயே வாக்குமூலம் வாங்குவியா?"

காரெட் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சும்மா கத்தறேன்னு நினைச்சீங்களா? முந்தாநாளே சிறைக்குப் போன் பண்ணிட்டேன்."

ஒடெசா எழுந்துவிட்டாள்.

"பதறாதே. இதழ் பேரைச் சொல்லி, 'இப்படி ஒரு கட்டுரை வருது, இது உண்மையா?'ன்னு கேட்டேன். அந்த அதிகாரி ரொம்ப மரியாதையான மனுஷன். எந்த வருஷம், எந்த அறைன்னு கேட்டார். கட்டுரையில இருக்கறதைத்தானே சொன்னேன்? எழுதினவர் பேரை அவர் கேட்டப்போ, சொல்ல மாட்டேன்னுட்டேன். அது நம்ம விதி."

"அந்த வருஷம் அந்த அறையில யார் இருந்தாங்கன்னு பதிவேட்டைப் பார்த்தா போதுமே!" என்றாள் மிரியம்.

ஒடெசா கைதியின் வக்கீலைப் போனில் பிடித்தாள். அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"முந்தாநாள் சாயங்காலமே அவரைத் தனிச்சிறைக்கு மாத்திட்டாங்களாம். விடுதலை விசாரணையும் ரத்து."

"அப்போ... தண்ணி?" என்றான் காரெட்.

"காலையில வக்கீல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்திருக்கார். உள்ள இருந்தவருக்கு உதடெல்லாம் வெடிச்சு, வார்த்தையே வரலையாம். குழாய்னு கையாலதான் காட்டினாராம். வக்கீல் இப்போ நீதிமன்றத்துக்கு ஓடிட்டிருக்கார்."

காரெட் தலையைப் பிடித்துக்கொண்டான்.

ஒடெசா அந்தத் தாளை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நீ கேட்ட ஆதாரம் வந்துடுச்சு. சரிபார்த்தாச்சுன்னு குறி போடு."

அவன் தாளைத் திருப்பித் தள்ளினான். அவளே குறியைப் போட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள்.