விளிம்புவரை தேநீர்

“உங்க அப்பாவ ஒரு தடவ கூட்டிட்டு வர்றியாம்மா?” என்று ஜில்டிஸ் அக்கா போன வாரம் சந்தையில் என்னிடம் கேட்டாள். நாரின் நகரில் குடியை விட்டவர்களுக்காக அவள் கூட்டம் நடத்தும் இந்த அறையில் இப்போது அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் இங்கே தொடர்ந்து வந்தால்தான் மாமா வீட்டிலிருந்து அம்மா திரும்புவாள். அறையைச் சூடாக்கும் சுவரோர வெந்நீர்க் குழாய் டக்டக்கென்று தட்டுகிறது. அப்பாவின் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கிறது; கம்பளித் தொப்பியை மடியில் வைத்துத் திருகுகிறார். “கதவோரமா உட்கார்ந்தா ஓடிடலாம்னு பாக்குறீங்களா தம்பி? நானும் மொத நாள் அங்கதான் உட்கார்ந்தேன்” என்கிறார் லாரி ஓட்டும் தெமிர்பெக். “ஓடவும் செஞ்சீங்களே அண்ணே, பக்கத்துச் சாராயக் கடை வரைக்கும்” என்று சிரித்து, தெமிர்பெக் பக்கம் திரும்பியபடியே அக்கா அப்பாவின் கிண்ணத்தில் தேநீர் ஊற்றுகிறாள். விருந்தாளி இன்னும் இருக்க வேண்டுமென்றால் எங்கள் ஊரில் பாதிக் கிண்ணம்தான் ஊற்றுவோம். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். பேச்சு மும்முரத்தில் அக்கா விளிம்புவரை ஊற்றிவிடுகிறாள். அப்பாவின் முழங்கால் ஆட்டம் நிற்கிறது. “இல்லப்பா” என்று நான் சொல்வதற்குள் கிண்ணத்தை எடுத்துவிடுகிறார். கைகளில் வழிய வழிய, சூடு பாராமல் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறார். விருந்து முடிந்ததும் நன்றி சொல்லும் எங்கள் வழக்கப்படி, உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொள்கிறார். தொப்பியை அணிந்து வெளியே போகிறார்.