ஐந்தாவது ‘ஏன்’

“மெத்தை சரியில்லைன்னு புகார் வந்தது இந்த வீட்டுலேர்ந்துதானே? கம்பெனியிலேர்ந்து வர்றேன்.”

“வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்,” என்று, வெளிச்சுவரோடு ஒட்ட விரியத் திறந்து கிடந்த கதவருகே வந்து வரவேற்றார் அந்த அம்மாள். நரை எட்டிப் பார்க்கும் தலை, மூக்குக்கண்ணாடி, அவசரமே அறியாத குரல்.

வந்தவருக்குக் கம்பெனியில் ‘ஏன் சார்’ என்று பெயர். மெத்தை வடிவமைப்பது அவர் வேலை. புகார் வந்தால் இருந்த இடத்திலிருந்தே பதில் எழுதுகிற ரகம் இல்லை. வாடிக்கையாளர் வீட்டுக்கே போவார். அவர்கள் படுக்கிற இடத்தில் தானும் படுத்துப் பார்ப்பார். அடுத்தடுத்து ஐந்து ‘ஏன்’ கேட்பார். ஐந்தாவதில் ஆணிவேர் கைக்கு வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

இந்தப் புகார் மூன்றே வரி. ‘மூன்று மாதமாகத் தூக்கமில்லை. மூன்று மெத்தை மாற்றியாயிற்று. வீடே கவலையில் கிடக்கிறது.’ படித்ததும் உடனே கிளம்பிவிட்டார். ஏனென்றால் அவருக்கும் மூன்று மாதமாகப் பொட்டுத் தூக்கமில்லை. கம்பெனியில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

தூக்கம் கெட்டவருக்கு உலகம் தண்ணீருக்கு அடியில் இருப்பது மாதிரித்தான் தெரியும். அந்த அறையும் அப்படியே இருந்தது. இளநீலத் திரையில் வடிகட்டிய பிற்பகல் வெளிச்சம், மெல்லச் சுற்றும் மின்விசிறி. தெருவில் போகிற வண்டிச் சத்தம்கூட எங்கோ வேறு ஊரில் கேட்பதுபோல் இருந்தது. கட்டிலில் அவர் வடிவமைத்த மெத்தையே கிடந்தது.

ஏன் சார் அதைத் தடவிப் பார்த்தார். “யாரும் படுத்த மாதிரியே தெரியலையேம்மா. கொஞ்சம்கூடக் குழி விழலையே?”

“நீங்கதான் படுத்துப் பாருங்களேன். என்ன குறைன்னு சொன்னா எழுதிக்கறேன்.”

செருப்பை ஏற்கெனவே வாசலில் விட்டிருந்தார். படுத்தார். படுத்த மறுநொடியே முதுகு வேலையைத் தொடங்கிவிட்டது. “இடது ஓரம் கொஞ்சம் தளர்வு... இடுப்புக்கிட்ட ஸ்பிரிங் முட்டுது... தலைப்பக்கம் பஞ்சு இன்னும் ஒரு விரல் தடிமன் இருக்கலாம்...”

அம்மாள் எழுதிக்கொண்டே கேட்டார். “வீட்டுலயும் இப்படித்தானா?”

“எங்க படுத்தாலும் இப்படித்தாம்மா,” என்று அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. “எனக்கும் தூக்கம் இல்லீங்க.”

“ஏன்?”

“படுத்தாலே மெத்தையைச் சோதிக்க ஆரம்பிச்சிடறேன்.”

“ஏன்?”

“மூணு மாசத்துக்கு முன்னால, நான் பார்த்துப் பார்த்துச் செஞ்ச ஒரு மெத்தை. அதுல படுத்து ஒரு பெரியவருக்கு இடுப்பே போச்சு. ஒரு குறையைத் தவறவிட்டுட்டேன். இன்னொண்ணையும் விட்டுடக் கூடாதில்ல?”

“டாக்டரைப் பார்க்கலாமே. ஏன் பார்க்கலை?”

“நல்லா இருக்கே! மெத்தை செய்யறவனுக்கே தூக்கம் வரலைன்னா ஊரே கைகொட்டிச் சிரிக்காது?” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. “ஆனா நேத்திக்கு... பொண்ணைப் பள்ளிக்கூடத்துல விடப் போனேன். ஸ்கூட்டர்லயே கண்ணு சொக்கிடுச்சு. ‘அப்பா, லாரி’ன்னு அவ கத்தலைன்னா...”

எழுந்து உட்கார்ந்தார். அம்மாள் பேனாவை மூடினார்.

“மெத்தை வாங்கின பில்லைத் தேடி எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் அந்தச் சாய்வு நாற்காலியில உக்காருங்க. கட்டில்ல வேண்டாம்.”

“அது மட்டும் ஏன்?”

“நாற்காலியில குறை கண்டுபிடிக்க உங்களுக்குத் தெரியாதில்ல? அதனாலதான்.”

நியாயமாகத்தான் பட்டது. நாற்காலி அவர் துறையே இல்லை. சாய்ந்தார். துணி எத்தனை கிழிசலானால் என்ன, கால் எத்தனை ஆடினால் என்ன, அது யாரோ ஒருவருடைய பொறுப்பு. திரை அசைந்தது. மின்விசிறி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் ஒரு படகில் ஏறினார். துடுப்பு வேறு யார் கையிலோ இருந்தது.

கண் விழித்தபோது திரைக்கு அப்பால் வெயில் தாழ்ந்திருந்தது. மேலே யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள். உலகம் தண்ணீரிலிருந்து எழுந்து வந்து துலக்கமாக நின்றது.

“மூணு மணி நேரம்,” என்றார் அம்மாள்.

ஏன் சாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “ஐயையோ, மன்னிச்சிடுங்கம்மா. உங்க பிரச்சினையைத் தீர்க்க வந்துட்டு...”

“அது தீர வழி கிடைச்சாச்சு. புகார்த் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க. அடுத்த வாரமும் இதே நேரத்துக்கு வரணும்.”

“நான் ஏம்மா போடணும்? தூக்கம் வராம இருந்தாரே, அந்த வாடிக்கையாளர்தான் போடணும்.”

“அதனாலதான் உங்களைப் போடச் சொல்றேன்,” என்று அம்மாள் சுவரோடு ஒட்டிக் கிடந்த வாசல் கதவை இழுத்துச் சாத்தப் போனார். இத்தனை நேரமும் சுவர்ப்பக்கம் மறைந்திருந்த கதவின் பெயர்ப்பலகை, செருப்பை மாட்ட வாசலுக்கு வந்த ஏன் சாரின் கண்ணில் அப்போதுதான் பட்டது: ‘உறக்க நல மருத்துவர்.’

உள் அறையிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள் ஏன் சாரின் மனைவி. “டாக்டர்கிட்ட வாங்கன்னு காலைப் பிடிச்சாலும் வர மாட்டீங்க, புகார்னா மட்டும் எந்த வீட்டுக்கும் ஓடுவீங்க. அதான் நானே ஒரு புகார் கொடுத்தேன்!”