எண்ணெய்த்தலை

காரை இரண்டு தெரு தள்ளியே நிறுத்திவிட்டான் வின்ஸ்லோ. அந்தக் காரோடு போய் சார்லீன் வீட்டு வாசலில் நின்றால், வாயைத் திறப்பதற்கு முன்பே காரியம் கெட்டுவிடும்.

குனிந்து பக்கக் கண்ணாடியில் ஒருமுறை தலையைப் பார்த்துக்கொண்டான். வழிய வழியத் தடவி, இரண்டு பக்கமும் பின்னுக்கு இழுத்து வாரிய முடி. மேலே கறுப்புத் தோல் சட்டை. அதுவும் தோளில் இறுக்கிப் பிடித்தது. இதற்கு மேல் ஆண்டவன் விட்ட வழி என்று நடையைக் கட்டினான்.

1964இல் ஓக்லஹோமாவின் அந்த ஊரில் இருந்தது இரண்டே சாதிதான். ரயில் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் எண்ணெய்த்தலைகள், மறுபக்கம் கட்டம்போட்ட சட்டைக்காரர்கள். எண்ணெய் என்றால் ரவுடி, கட்டம் என்றால் கனவான். தலையைப் பார்த்ததுமே ஊர் தீர்ப்பு எழுதிவிடும். ஆளை யார் விசாரித்தார்கள்?

சார்லீன் நேற்றே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"எங்கப்பாவுக்கு அந்தப் பக்கத்துப் பசங்கன்னாலே பத்திக்கிட்டு வரும். நீ வீட்டுக்கு வந்து அவர்கிட்ட நேராவே கேளு. அவர் சரின்னா சனிக்கிழமை உன்கூட டான்ஸுக்கு வர்றேன். இல்லேன்னா இத்தோட விட்டுடலாம், வின்ஸ்லோ."

விடுவதாவது! ராத்திரி பூராவும் புரண்டு புரண்டு யோசித்துவிட்டுத்தான் இப்படிக் கிளம்பி வந்திருக்கிறான்.

"படியில கால் வைக்காதே! பெயிண்ட் காயல!"

கதவைத் திறந்துகொண்டு வந்தவர் சார்லீனின் அப்பா. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கழுத்தை நெரிக்கிற மாதிரி ஒரு டை. பின்னாலேயே சார்லீனின் அண்ணன் டாய்ல், அவனும் டை கட்டிக்கொண்டு, ஈரம் சொட்டும் தலையோடு எட்டிப் பார்த்தான்.

அப்பாவின் பார்வை நேராக வின்ஸ்லோவின் தலைக்குத்தான் போனது.

"அட கடவுளே, எண்ணெய்த்தலை! இன்னிக்குன்னு பார்த்துத்தானா வரணும்? யாருப்பா வேணும்?"

"சார்லீனைப் பார்க்கணும், சார். நான் வந்து..."

"அவ குளிச்சிட்டிருக்கா. டேய் டாய்ல், இவனை உனக்குத் தெரியுமா?"

"நான் பார்த்ததே இல்லப்பா."

அதற்குள் வீட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. நல்ல சகுனம் என்று வின்ஸ்லோ தட்டிக்கொடுக்கக் குனிந்தான். நாய் இரண்டு முன்னங்கால்களையும் அவன் தோளில் போட்டு, தலையை ஆசையாக நக்க ஆரம்பித்துவிட்டது.

டாய்ல் படியைத் தாண்டிக் குதித்து, கிட்டே வந்து மோந்து பார்த்தான்.

"அப்பா, இது தலைக்குத் தடவுற எண்ணெயே இல்ல, பன்னிக் கொழுப்பு! காலையில கறி வறுத்த சட்டியை வழிச்சுத் தடவிட்டு வந்திருக்கான்! எண்ணெய் டப்பா வாங்க வக்கில்ல, நம்ம வீட்ல பொண்ணு கேக்குதோ?"

வின்ஸ்லோவுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. சமையல்கட்டில் அவசரத்துக்குக் கைக்கு அகப்பட்டது அதுதான்.

"சார், சனிக்கிழமை டான்ஸுக்கு அவளைக் கூட்டிட்டுப் போக உங்க சம்மதம் கேக்கத்தான் வந்தேன்."

அப்பா சங்கடமாக டையைத் தளர்த்தினார்.

"அதுக்குத்தான் வேற ஒரு பையன் வரப்போறானே தம்பி. இதோ வர்ற நேரம். நீ கிளம்பு."

"வேற ஒரு பையனா?"

சார்லீன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! இப்படி வந்து கேட்கச் சொல்லி இவள் எத்தனை பேரிடம் சொல்லி வைத்திருக்கிறாள்?

"அவன்... ஆள் எப்படி சார் இருப்பான்?"

"பெரிய இடம். சுத்தமா வாரின தலை, கட்டம்போட்ட சட்டை, பளபளன்னு ஒரு கார்."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"எங்கே பார்த்தேன்? அவனுங்க எல்லாம் அப்படித்தானே இருப்பானுங்க!"

வின்ஸ்லோவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. நாயை விலக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"சட்டையும் காரும் இருந்தாப் போதுமா சார்? அவனுக்கு சார்லீனைப் பத்தி என்ன தெரியும்? அவ சிரிச்சா எனக்கு அன்னிக்குப் பூரா பாடமே ஏறாது. அவன்கிட்ட அதைக் கேட்டீங்களா?"

கொழுப்பு வழிகிறதா கண்ணீர் வழிகிறதா என்று தெரியாமல் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

அப்பா ஈரப் பெயிண்ட்டையும் பார்க்காமல் படியிறங்கி வந்து, அவன் தோளில் கை வைத்தார்.

"அழாதேடா தம்பி. உள்ளதைச் சொல்றேன், எனக்கு உன்னை மாதிரிப் பையனைத்தான் பிடிக்கும். வேஷம் போடத் தெரியாத பயலுக நீங்கள்லாம். ஆனா எம் பொண்ணு அவன்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாளே, நான் என்ன செய்ய?"

வின்ஸ்லோ முஷ்டியை இறுக்கினான்.

"அவன் பேரையாவது சொல்லுங்க சார். நான் பார்த்துக்கறேன்."

"வின்ஸ்லோவாம், நீதிபதி வீட்டுப் பையன். அவனுக்காகத்தான் அப்பனும் மகனும் தலை எண்ணெயைக் கழுவிட்டு நிக்கிறோம்!"