குதிகால்

சம்பந்தியம்மாவின் நிலத்தில் இன்று இன்னும் இரண்டு நாரைகள் கூடியிருந்தன.

எதிரே தன் கரைமேல் நடந்துகொண்டிருந்த பெரியவர் எண்ணவில்லை. கண்தான் எண்ணித் தொலைத்தது.

நடுவில் ஒரே ஒரு வாய்க்கால். அந்தப் பக்கம் உப்பு மண்ணில் முளைக்கிற உமரிச்செடி முகூர்த்தப் புடவையை விரித்த மாதிரி சிவந்து கிடந்தது. உலகத்தில் இறக்கை முளைத்த சகலமும் வழி விசாரித்துக்கொண்டு வந்து அங்கேதான் இறங்கின.

இந்தப் பக்கம் அவருடைய நிலம். வெளுத்து, பொரிந்து, சுட்ட அப்பளம்.

இரண்டுமே ஒரு காலத்தில் கடலை வெளியே நிறுத்திவிட்டு நெல் போட்ட நிலங்கள். உப்பு ஏறி ஏறி, நெல் பெரிய கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டது.

வனத்துறைக்காரர்கள் இரண்டு பேரிடமும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். கடலைத் தடுக்கிற பழைய மண்கரையை இனி யாரும் பராமரிக்க வேண்டாம். நண்டு குடையட்டும். கடல் ஓதம் ஏறும்போது கரை தானே உடையும். சதுப்பு தானே திரும்பி வரும், பின்னாலேயே பறவையும் வரும்.

சம்பந்தியம்மா கரை முதல் ஐப்பசியிலேயே உடைந்தது.

பெரியவர் கரை கோட்டைச் சுவராக நின்றது.

நண்டுக்குக்கூடவா பாரபட்சம்?

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். நாரை பார்க்க வந்த பேத்தி, அப்பாயியான சம்பந்தியம்மா கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே நிற்கிறாளே! பெண்ணைப் பெற்றவன் என்றால் அவ்வளவு இளக்காரம்.

கரைமேல் நடந்தபடியே குரல் கொடுத்தார்.

"ஒரு நாரையயாச்சும் இந்தப் பக்கம் பத்தி விடக் கூடாதா, சம்பந்தியம்மா? அப்படி என்னதான் மந்திரம் போட்டு வச்சிருக்கீங்க?"

சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தை அல்ல.

"நா ஒரு மந்திரமும் போடல சம்பந்தி. சும்மா இருந்தேன். ஒங்க காலுதான் சும்மா இருக்க மாட்டேங்குது."

பெரியவர் குனிந்தார்.

வலது குதிகால் ஒரு நண்டுவளையில் ஈரமண்ணைத் திருகி அடைத்துக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தார். கரை நெடுக, முத்திரை குத்திய மாதிரி குதிகால் குழிகள். இன்றையவை. நேற்றையவை. வளையைக் கண்டால் மிதித்து மூடுவது அவர் வம்சத்துக் கால்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வளையிலிருந்து ஒரு நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது.

கால் தானாக எழுந்தது.

எழுந்த காலை அவர் அந்தரத்திலேயே நிறுத்தினார்.

வெள்ளை வேட்டி காற்றில் படபடத்தது.

"அப்பாயி! தாத்தா கரையிலயும் ஒரு நாரை!"

பனந்தடிப் பாலத்தில் சின்னக் கால்கள் ஓடி வரும் சத்தம்.

கீழே, வளை வழியாக, நூல் மாதிரி கடல்தண்ணீர் உள்ளே இறங்கியது.

அவர் அசையவே இல்லை.