நின்றிருந்த முட்டைகள்

கருவுற்ற கடல் முள்ளெலி முட்டைகள் இரண்டாகப் பிளக்காமல் ஆய்வகக் கண்ணாடித் தட்டில் அப்படியே நின்றிருந்தன. செல் பிரிவதைத் தடுக்கும் மருந்தை நிலோபர்தான் அந்த நீரில் கலந்திருந்தாள். போன வருடம் புற்றுநோய்க்காக அவள் உடம்பில் ஏற்றியதும் அதே மருந்துதான். தலையில் முடி திரும்ப வளர்ந்துவிட்டது. இனிக் குழந்தை பெற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்க மட்டும் அவளுக்கு இன்னும் துணிவு வரவில்லை.

"சோதனைதான் முடிஞ்சிருச்சுல்ல, கொட்டிரு. அதெல்லாம் செத்துப்போச்சு," என்றாள் உடன் வேலை செய்யும் பியூலா.

"சாகல. நின்னுருக்கு, அவ்வளவுதான்."

நிலோபர் மருந்து நீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுக் கடல்நீரை விட்டாள். திரும்பத் திரும்ப அலசினாள். பிறகு நுண்ணோக்கியை விட்டு எழவே இல்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போனது. பல முட்டைகளில் ஒரு மாற்றமும் இல்லை. ஓரத்தில் கிடந்த ஒன்றின் நடுவில் மட்டும், நூலால் இறுக்கியதுபோல ஒரு பள்ளம் விழுந்தது. அது மெல்ல ஆழமாகி, முட்டை இரண்டானது.

"பியூலா, இங்க வந்து பாரேன்!"

பியூலா குனிந்து பார்த்து நிமிர்வதற்குள் நிலோபர் கணவனைக் கைப்பேசியில் அழைத்திருந்தாள்.

"சாயங்காலம் டாக்டரப் பாக்கப் போலாமா? ஒண்ணு கேக்கணும்."

"வண்டிய எடுத்துட்டு இப்பவே வரேன்," என்றான் அவன்.