சங்குக்கு அப்புறம் டீ

ஊர்க் காக்கைகளையெல்லாம் பக்கத்து ஊருக்கே விரட்டுகிற மாதிரி ஆலைச் சங்கு அலறுகிறது. போன வாரம் ஓய்வுபெற்ற ஃபிட்டர் முதல்முறையாக டீ வடிகட்டுகிறார். பாதி டம்ளரில் விழுகிறது, மீதியைச் சட்டை குடிக்கிறது. ஜன்னல் வெயிலில் ஆவி சுருள்கிறது. முன்பெல்லாம் இதே சங்குக்கு வீடே இன்னொரு ஆலையாக ஓடும். மகள் சட்டையைத் தேய்ப்பாள், மகன் ஷூவைத் துடைப்பான், மனைவி பத்துக் கை முளைத்தவளாக டிபன் கட்டுவாள். சம்பளம் மட்டும் அவர் ஒருவருக்குத்தான்.

“மகாராணி, இன்னிக்காவது சூடாக் குடிங்க.”

ஒரு வாய் குடித்த மனைவி நாக்கைச் சுட்டுக்கொள்கிறாள். “யப்பா! உங்கள அனுப்பிட்டு ஆறிப்போனதக் குடிச்சே பழகிட்டேங்க.” டம்ளரை ஜன்னலோரம் வைக்கிறாள்.

அவரும் தன் டம்ளரை அதன் பக்கத்தில் வைக்கிறார். “ஆறட்டும்,” என்கிறார்.