நிழலில் இருந்தவர்கள்

“சனிக்கிழமை ராத்திரி ஆடின களைப்பு இன்னும் தீரலையா டீச்சர்? திங்கட்கிழமை காலையிலயே வந்து என்னென்னமோ சொல்றீங்க.”

தலைமையாசிரியர் குவான்சா சிரித்தார். அராபா டீச்சர் சிரிக்கவில்லை. சுதந்திர நாள் அணிவகுப்பில் நடக்கப்போகும் பள்ளிகளின் பட்டியல் மேசைமேல் கிடந்தது. நண்பகலுக்குள் அது கல்வி அலுவலகம் போய்ச் சேர வேண்டும். அதில் தங்கள் பள்ளியின் பெயரையும் எழுதச் சொல்லித்தான் அவள் வந்திருந்தாள்.

“களைப்பா? இப்பதான் சார் தெளிவா இருக்கேன். தலைநகர் அக்ராவிலிருந்து வந்த வாத்தியக் குழு. கடற்கரைல பலகை போட்ட மேடை. செருப்பைக் கழட்டி வீசிட்டுக் கடைசிப் பாட்டு வரைக்கும் ஆடினேன். ஒரு அடி தப்பல. உங்க வீட்டம்மாவும் அங்கதானே இருந்தாங்க, கேட்டுப் பாருங்க.”

“கேட்டேன். கென்கேயும் பொரிச்ச மீனும் மூணு தட்டு காலி பண்ணீங்கன்னும் சொன்னா.”

“ரெண்டுதான். மூணாவது அவங்களோடது.”

அவர் பேனாவை மூடினார். “ஆட்டம் வேற, அணிவகுப்பு வேற. ஊரே கூடி நிக்கும். மாவட்ட அதிகாரி வருவார். நம்ம பிள்ளைங்க நிலைமை உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?”

“பன்னிரண்டு வருஷமா பந்தல்ல உட்கார்ந்து கொடி அசைக்கிறாங்க. குளிர்பானம் கொடுக்கிறோம். சந்தோஷமாத்தான் இருக்காங்க.”

“அடுத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க நடக்கிறதைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. அதுக்குப் பேரு சந்தோஷமா? நாடே விடுதலையான நாள்ல, நடக்கிறவன் ஒருத்தன், நிழல்ல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவன் இன்னொருத்தனா? இரக்கம்னு பேரு வச்சு ஒதுக்கி வச்சிருக்கோம் சார்.”

அவர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அராபா மேசையைச் சுற்றிச் சென்று அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

“திரும்பிக்கிட்டா பேச்சு முடிஞ்சிடாது. ஒரு பெரிய முரசு வேணும். மண்டபம் வேணும். நாலு வாரம் தாங்க.”

“கால் பிசகினா ஊர் சிரிக்கும்.”

“முன்வரிசையில நான் நடக்கறேன். முதல்ல என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.”

“உங்ககிட்ட மாட்டிக்கிட்டேன்,” என்றபடி அவர் பேனாவைத் திறந்தார்.

காலை வழிபாடு, நகப் பரிசோதனை, வாய்பாடு, மதியச் சோற்றுக்கு வரிசை என்று பள்ளியின் நாள் எப்போதும்போல் நகர்ந்தது. அதன் நடுவே ஒரு மணி நேரத்தை அராபா பறித்துக்கொண்டாள். மண்டபத்தின் பலகைத் தளத்தில் முரசு அதிர, நாற்பது பிள்ளைகள் வெறுங்காலோடு நடந்தார்கள், பிசகினார்கள், மறுபடி நடந்தார்கள்.

“வெறுங்கால்லயா? பள்ளிக்கூடத்து மானம் என்ன ஆகுறது?” என்று குவான்சா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

“மானம் காலணியில இல்ல சார்.”

ஆறாம் வகுப்பு எஃபுவா இடைவேளையில் வந்து நின்றாள். “டீச்சர், உங்க இடுப்பு அணிவகுப்புக்கு நடக்கல. சனிக்கிழமைக்கு நடக்குது.”

“வாயாடி. போய் வரிசையில நில்லு,” என்றாள் அராபா. பயிற்சி தொடங்கியபின் அன்றுதான் அவள் முதன்முறையாகச் சிரித்தாள்.

மார்ச் ஆறாம் தேதி, சுதந்திர நாள். பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மைதானத்தில் நடந்து முடிந்தன. கடைசியாக அவர்கள் வந்தார்கள். முரசை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி அணியின் நடுவே நிறுத்தியிருந்தார்கள். அடி விழுந்தது. நாற்பது இடக்கால்கள் ஒன்றாக எழுந்தன, ஒன்றாக விழுந்தன. மாவட்ட அதிகாரி நின்ற மேடையின் முன்னால் நாற்பது முகங்களும் ஒரே நொடியில் வலப்பக்கம் திரும்பின. ஒரு கால்கூடப் பிசகவில்லை.

கூட்டம் எழுந்து நின்று மைதானம் அதிரக் கைதட்டியது. பிள்ளைகள் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அராபாவும் திரும்பவில்லை.

பந்தலிலிருந்து குவான்சா ஓடிவந்து அவர்கள் கண்ணில் படும்படி எதிரே நின்றார். நான்கு வாரமாக அவளோடு வாதாடி ஓய்ந்த தம் இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி, விரல்களை விரித்து அசைத்தார். பிறவியிலேயே காது கேளாத அந்த டீச்சருக்கும், அவளைப் போலவே காது கேளாமல், முரசின் அதிர்வை உள்ளங்காலிலும் நெஞ்சிலும் உணர்ந்து நடந்த அந்த நாற்பது பிள்ளைகளுக்கும், கைதட்டல் என்பது அதுதான்.